உள்ளங்கையில் வரும் சமாதானம்

(லெந்து காலத்தில் ஒரு திருச்சபையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டு ஜெபத்தில் தேவ வழிநடத்துதல், ஆறுதல், சமாதானம் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றையும் மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் என்று பேசிவிட்டு உட்காரலாம். எனக்குச் சொல்ல இருப்பது என்னவோ ஒன்றுதான். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கிறவனுக்குக் கர்த்தர் இந்த மூன்றையும் நேராகக் கொடுக்கிறார். கூடிவந்து கேட்கிறவர்களுக்கோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளின் வழியாகக் கொடுக்கிறார். அந்த ஆளை உனக்குப் பிடிக்குமா என்று அவர் கேட்பதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது.

நம் வீட்டு ஜெபக்கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏழு மணி என்றால் ஏழரைக்குத் தொடங்கும். சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டுப் பாய் விரித்திருப்பார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு கீர்த்தனை, ஒரு சங்கீதம், சின்னதாக ஒரு செய்தி. அதுவரை பாதிப் பேர் அரைக்கண்ணில்தான் இருப்பார்கள். "ஜெபக்குறிப்பு இருந்தா சொல்லுங்க" என்று உபதேசியார் கேட்டதும் வீடு முழித்துக்கொள்ளும். மூத்த மகளுக்கு வரன். இளையவனுக்குக் கத்தார் விசா. பக்கத்துத் தெரு அண்ணாச்சிக்கு ஆஞ்சியோ. அப்புறம் ஓர் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜெபத்துக்காகத்தான் சொல்லுதேன், வெளிய சொல்லிராதிய" என்று ஆரம்பிப்பார். மறுநாள் காலையில் பால் பாக்கெட் வந்து சேருவதற்குள் அந்தக் குடும்பத்தின் கதை ஊரெல்லாம் ஜெபக்குறிப்பு ஆகியிருக்கும்.

சிரிக்கிறீர்கள். இந்தப் பயம் இருப்பதால்தானே நம்மில் பலர் உண்மையான பாரத்தை அந்தப் பாயில் இறக்கி வைப்பதில்லை? விசாவைச் சொல்கிறோம், மகன் குடிப்பதைச் சொல்வதில்லை. சர்க்கரை வியாதியைச் சொல்கிறோம், கணவனும் மனைவியும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்ளாததைச் சொல்வதில்லை. சொல்லாத ஒன்றுக்காக இருபது பேர் கூடி அழுது ஜெபித்தாலும் ஆறுதல் வேறு யாருக்கோ போகும். வாயைக் கட்டத் தெரியாத சபைக்கு ஆறுதல் சொல்லவும் தெரியாது என்பது என் கருத்து. போதகர் ஐயா மன்னிக்க வேண்டும், எத்தனை உபவாச ஜெபம் வைத்தாலும் இதைச் சரிசெய்யாமல் பலனில்லை.

சரி, நன்றாக நடக்கும் இடத்தையும் பார்ப்போம். துக்க வீட்டைச் சொல்கிறேன். ஃப்ரீசர் பெட்டி ஒரு பக்கம் உறுமிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடியில் ஈரம் கோத்துக்கொள்ள, யாராவது ஒருவர் துண்டால் துடைத்துத் துடைத்து முகம் தெரியும்படி செய்கிறார். தலைமாட்டில் அந்தம்மா உட்கார்ந்திருக்கிறார். சபையார் வருகிறார்கள், பாட்டை எடுக்கிறார்கள். அந்தம்மாவின் உதடு அசைவதில்லை. நாற்பது வருஷமாகப் பாடகர் குழுவில் பாடியவர், வார்த்தை தெரியாமல் இல்லை. இன்றைக்கு அந்த வார்த்தைகளை அவரால் நம்ப முடியவில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் சின்னம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாடுகிறார், கொஞ்சம் சுருதி விலகித்தான். யாரும் அந்தம்மாவைப் பார்த்து "பாடுங்கம்மா" என்று சொல்வதில்லை. அடக்க ஆராதனை முடிந்து இரண்டு மூன்று நாள் மாலை ஜெபத்துக்குப் பிறகு, ஒரு சரணத்தின் கடைசி அடியில் மட்டும் அவர் குரல் கலக்கிறது. அதுவரை அவருடைய விசுவாசத்தை யார் வைத்திருந்தார்கள் என்று கேட்டால், சின்னம்மாதான் வைத்திருந்தார்.

துக்க வீட்டுக்குப் போனதும் நாம் செய்யும் பெரிய அவசரம் என்ன தெரியுமா? ஆறுதலான வசனத்தை உடனே எடுத்து நீட்டுவது. வேதாகமத்துக்கே அந்த அவசரம் கிடையாது. சங்கீதப் புத்தகம் இஸ்ரவேலர் கூடிப் பாடிய புத்தகம். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். பெரும்பாலும் அழுகையில் தொடங்கி எங்கேயோ ஓரிடத்தில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88-ஆம் சங்கீதம் மட்டும் திரும்புவதே இல்லை, இருட்டிலேயே முடிகிறது. அதையும் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருந்தார்களே, ஏன்? இருட்டில் இருக்கும் ஒருவன் சபைக்குள் வந்தால் அவனுக்கும் பாட ஒரு பாட்டு வேண்டும். பக்கத்தில் இருக்கிறவன் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாலும் அவனோடு சேர்ந்து அதைப் பாட வேண்டும்.

கெத்செமனேயை நினைத்துப் பாருங்கள். இந்த நாட்களில் நாம் அதைத்தான் தியானிக்கிறோம். பிதாவோடு ஒன்றாயிருந்தவர், தனியாக மலைக்குப் போய் இரவெல்லாம் ஜெபித்துப் பழகியவர், அன்று இரவு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போகிறார். விழித்திருங்கள் என்று கேட்கிறார். அவர்கள் புத்தி சொல்லுவார்கள் என்றோ, பெரிய ஜெபம் ஏறெடுப்பார்கள் என்றோ அல்ல. கூட இருந்தால் போதும். அவர்கள் தூங்கிவிட்டார்கள். திரும்பத் திரும்ப வந்து எழுப்புகிறார். தேவகுமாரனுக்கே அந்த ராத்திரியில் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது என்றால், "எனக்கும் கர்த்தருக்கும் நடுவில் யாரும் வேண்டாம், நான் வீட்டிலேயே ஜெபித்துக்கொள்கிறேன்" என்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?

அப்போஸ்தலர் நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்த ஜெபக்கூட்டம். பேதுரு சிறையில் இருக்கிறார், பதினாறு சேவகர் காவல். மாற்கு எனப்பட்ட யோவானின் தாய் மரியாள் வீட்டில் சபை கூடி ஊக்கமாக ஜெபிக்கிறது. பேதுரு விடுதலையாகி வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்துவிட்டு உள்ளே ஓடிச் சொல்கிறாள். உள்ளே இருந்தவர்கள் சொன்ன பதில், உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்பது. எதற்காக ஜெபித்தார்களோ அது வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே ஜெபம் மும்முரமாக நடக்கிறது. நம் சபைக்கும் அந்தச் சபைக்கும் இதில் அதிக வித்தியாசம் இல்லை.

ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தை நாம் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறோம். அப்போஸ்தலனாகிய யோவானின் சகோதரன் யாக்கோபை ஏரோது பட்டயத்தால் வெட்டிக் கொன்றான். யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்காமல் இருந்திருக்குமா? பேதுரு வந்து நின்றபோது அந்த வீட்டில் யாக்கோபின் வீட்டார் யாராவது இருந்தார்களா என்று வேதம் சொல்லவில்லை. இருந்திருந்தால் அந்தச் சந்தோஷம் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? சாட்சி சொல்லும் நேரத்தில் இதைக் கொஞ்சம் நினைக்க வேண்டும். "ஜெபித்தேன், என் பிள்ளை பிழைத்தான்" என்று ஒருவர் சத்தமாகச் சாட்சி சொல்லும்போது, அதே வார்டில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்தோத்திரம் சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வரிசையையும் பார்த்துச் சொல்லுங்கள்.

இனி வழிநடத்துதல். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு இந்தக் கோவிலில் நிற்க இடம் இருக்காது. நள்ளிரவு தாண்டியதும் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். ஆளாளுக்கு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வாசிப்போம். நல்ல வசனம் வந்தால் முகம் மலரும். கொஞ்சம் கண்டிப்பான வசனம் வந்தால் பக்கத்தில் இருக்கும் மச்சானுக்கு வந்ததை எட்டிப் பார்ப்போம். நானும் எடுக்கிறவன்தான், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஆதி சபை தனக்கு வழி தெரிந்துகொண்ட விதம் வேறு. புதிய அப்போஸ்தலனாக மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்கள். பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு நடபடிகள் புத்தகத்தில் அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டதாக ஓரிடத்திலும் இல்லை. ஆவியானவர் வந்த பிறகு கூடி உட்கார்ந்தார்கள்.

அந்தியோகியாவில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று லூக்கா பெயரோடு எழுதி வைத்திருக்கிறார். சீப்புருத் தீவுக்காரர் பர்னபா. நீகர் எனப்பட்ட சிமியோன். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த சிரேனே ஊர் லூகி. யோவான் ஸ்நானகன் தலையை வெட்டுவித்த ஏரோதோடு கூட வளர்ந்த மனாயீன். கிறிஸ்தவர்களை வீடு வீடாக இழுத்துக்கொண்டு போன சவுல். இந்த ஐந்து பேரை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார வைக்க முடியுமா? இவர்கள் உபவாசித்து ஆராதனை செய்துகொண்டிருந்தபோதுதான் வழி காட்டப்பட்டது. கிடைத்த வழியும் சுகமானதாக இல்லை. இருப்பதிலேயே நல்ல ஊழியர் இருவரையும், பர்னபாவையும் சவுலையும், அனுப்பிவிடுங்கள் என்று வந்தது. மறுபடி உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பினார்கள்.

நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் தாங்களே ஊழியரை அனுப்புவதைக் கண்டார். சபைகள் நிறைந்த திருநெல்வேலி அப்படிச் செய்யவில்லையே என்ற கேள்வியோடு திரும்பினார். வானத்திலிருந்து சத்தம் வரவில்லை, இன்னொரு சபையைப் பார்த்தார், அவ்வளவுதான். 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆறு வருஷம் கழித்து அவரே தெலுங்கு நாட்டு தோர்னக்கல்லுக்கு ஊழியராகப் போனார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இதற்கு நடுவே 1910-இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகள் நிறைந்த சபையில் எழுந்து, எங்களுக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறீர்கள், எங்களுக்கு நண்பர்களாகவும் இருங்கள் என்று கேட்டார். அந்த வேண்டுகோள் அன்றைக்குப் பலருக்கு உறைத்தது.

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் அசரியாவும் மற்றவர்களுமாக 33 பேர் கூடினார்கள். பெரும்பாலும் இந்தியப் போதகர்கள். 1706-இல் மிஷனெரி சீகன்பால்க் வந்து இறங்கிய அதே ஊர். ஆங்கிலிக்கன், ஐக்கிய சபை என்று பிரிந்திருந்தவர்கள். ஒரே தெருவில் இரண்டு கோவில், இரண்டு மணி, இரண்டு கல்லறைத் தோட்டம் என்று வாழ்ந்தவர்கள். அந்தப் பிரிவுகள் எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைகளால் வந்தவை, எங்களால் வந்தவையல்ல, வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்று அறிக்கை எழுதினார்கள். ஒரே சபையாவோம் என்று தீர்மானித்தார்கள். எத்தனை வருஷத்தில் ஆனது தெரியுமா? 28.

1920-இல் கூட்டுக் குழு கூடத் தொடங்கியது. பிறகு மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். பேராயர் வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படிப்பட்ட பேராயர், பேராயர் கை வைக்காத போதகரின் ஊழியம் செல்லுமா என்று வருஷக்கணக்காகப் பேச்சு. பேசுவது, ஜெபிப்பது, முறிவது, மறு கூட்டத்துக்குத் தேதி குறிப்பது. நம்மில் ஒருவர் அந்தக் குழுவில் இருந்திருந்தால் மூன்றாம் வருஷமே, "இது கர்த்தருடைய சித்தம் இல்லை போலிருக்கிறது" என்று பையைத் தூக்கியிருப்போம். வழிநடத்துதல் என்றால் சட்டென்று தெளிவது என்று நாம் பழகிவிட்டோம். எருசலேம் சங்கமும் மிகுந்த தர்க்கம் செய்த பிறகுதான் பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் இது நலமாய்க் கண்டது என்ற பொருளில் கடிதம் எழுதியது. தர்க்கம் நடந்த இடத்தில் ஆவியானவர் இல்லை என்று அவர்கள் நினைக்கவில்லை.

அசரியா 1945 ஜனவரி 1-இல் காலமானார். ஒன்றான சபையை அவர் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமையில், தென்னிந்தியத் திருச்சபை உருவானது. நாடு இரண்டாகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. வடக்கே மதத்தின் பெயரால் ரயில் ரயிலாகப் பிணங்கள் வந்துகொண்டிருந்த நாட்கள். பேராயர் உள்ள சபைகளும் பேராயர் இல்லாத சபைகளும் இப்படி ஒன்றானது அதற்கு முன் எங்கும் நடந்ததில்லை. எல்லோரும் சேர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் ஒரு கூட்டத்தார் விலகியே நின்றார்கள்.

ஒன்றானவர்களுக்கு ஒரே ஆராதனை முறை வேண்டுமே. 1950-இல் புதிய திருவிருந்து ஒழுங்கு வந்தது. அதைத் தயாரித்த குழுவைக் கூட்டியவர் கேரளத்தில் பணிசெய்த லெஸ்லி பிரவுன். அந்த ஒழுங்கில் ஓரிடத்தில் சமாதானம் கொடுத்தல் என்ற பகுதியைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சிரியன் சபை வழக்கத்திலிருந்து எடுத்தது. பின்னாளில் மற்ற நாட்டுச் சபைகள் பல தங்கள் ஆராதனையைத் திருத்தியபோது, இந்தத் தென்னிந்திய ஒழுங்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன், பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கொடுக்கிறவர் தன் வலது உள்ளங்கையை வாங்குகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைக்கிறார். இரண்டு பேரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடுகிறார்கள். போதகர் தன்னோடு ஊழியம் செய்கிறவர்களுக்குக் கொடுப்பார், அவர்கள் சபைக்குக் கொடுப்பார்கள், அப்படியே வரிசை வரிசையாகக் கடைசிப் பெஞ்சு வரை போகும். இதில் ஒரு நுட்பம் உண்டு. யாரும் தானாகத் தொடங்க முடியாது. வாங்கினால்தான் கொடுக்கலாம். எனக்குக் கொடுக்கிறவர் யார் என்பதை நான் தீர்மானிப்பதில்லை, இன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் அவர். நேற்று வாய்க்கால் வரப்புக்காகச் சண்டை போட்டவராக இருந்தாலும் அவர் கையிலிருந்துதான் வாங்க வேண்டும்.

தமிழ்ச் சபைக்கு உள்ளங்கை என்பது சாதாரண விஷயமாக இருந்ததில்லை. கோவிலில் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்த காலம் இருந்தது. திருவிருந்தில் யார் முதலில் பாத்திரத்தில் பருகுவது என்ற சண்டை இருந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கண்டிப்பாக உத்தரவு அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் கோவிலை விட்டே வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், இன்று வரை நம் துக்க வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றியவர், இந்த மாற்றங்களை எதிர்த்தவர்களில் ஒருவர். அவர் பாட்டை நான் விடப் போவதில்லை. அந்தப் பாட்டுகளில் ஆறுதல் அடைந்தவர்களில், அவர் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்திராத குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அவர்களும் அதைப் பாடித்தான் ஆறுதல் அடைந்தார்கள். இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று எனக்கு ஒரே வரியில் சொல்லத் தெரியவில்லை. வரம் அவரை விடப் பெரிதாக இருந்தது.

அதெல்லாம் பழைய கதை என்று யாராவது சொல்வதற்கு முன், கல்லறைத் தோட்டத்துக்குள் இன்னும் சாதிச் சுவர் நிற்கும் ஊர் தமிழ்நாட்டில் உண்டு என்பதை நினைவூட்டிவிடுகிறேன். குருசேகரத் தேர்தல் வந்தால் எந்தப் பட்டியலில் யார் நிற்கிறார் என்று எப்படிக் கணக்குப் போடுகிறோம் என்பதும் இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. சமாதானத்துக்காக ஜெபிக்கும்போது உக்ரைனுக்காக ஜெபிக்கிறோம், மணிப்பூருக்காக ஜெபிக்கிறோம். ஜெபிக்க வேண்டியதுதான். ஆனால் 1950-இல் அந்த ஒழுங்கை எழுதியவர்கள் சமாதானத்தை இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் வைத்தார்கள்.

கொரோனா வந்தபோது, 2020 மார்ச்சில், கோவில்களைப் பூட்டினோம். ஜூமில் ஜெபித்தோம். வயதானவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, நான் மறுக்கவில்லை. கோவிலைத் திறந்த பிறகு தொட வேண்டாம் என்று சொன்னார்கள், சரிதான். தூரத்திலிருந்து கைகூப்பிச் சமாதானம் சொன்னோம். முகக்கவசம் போய்விட்டது, சானிடைசர் பாட்டில் காய்ந்துவிட்டது, கைகூப்புவது மட்டும் நிலைத்துவிட்டது. வசதியாக இருக்கிறது அல்லவா? நாலாபுறமும் திரும்பி ஒரு கும்பிடு போட்டால் வேலை முடிந்தது. யாரிடமிருந்து வாங்கினோம் என்ற கேள்வியே இல்லை.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது என்று செயலர் கடிகாரத்தைக் காட்டுகிறார். போதகர் ஐயாவுக்கும் சபைச் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் மட்டும் வைத்துவிட்டு உட்காருகிறேன். அடுத்த திருவிருந்து ஆராதனையிலிருந்து அந்தப் பழைய முறையை மறுபடி கொண்டுவாருங்கள். போதகரிடமிருந்து தொடங்கி, கை மாறிக் கை மாறிக் கடைசிப் பெஞ்சு வரை வரட்டும். ஆராதனை பத்து நிமிடம் நீளும். பிரியாணி ஆறிவிடும் என்று யாராவது முறையிட்டால் என்னிடம் அனுப்புங்கள். வெளியே குழாயடியில் சோப்பு வைக்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.